பழைய 750 சிசி ஷாஃப்ட் டிரைவ் பைக்: ஸ்ப்லைன், கிராஸ், ஃபைனல் டிரைவ் பேரிங் போனதும் அதை உள்ளூர்லயே சரி பண்ணுனதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1980கள்ல வந்த ஜப்பான் 750 சிசி. கம்பெனி பேரு, மாடல் பேரு எழுதல. இந்தக் கோளாறு அந்த மாடலுக்கு மட்டும் உள்ளது இல்ல, செயின் இல்லாம ஷாஃப்ட்டுல ஓடுற எந்தப் பழைய வண்டிக்கும் வரக்கூடியது. வெளிநாட்டுல வேலை பாத்துட்டு ஊரு திரும்புன ஒருத்தர் அந்தக் காலத்துல கொண்டு வந்தது, ரெண்டு மூணு கை மாறி கடைசியா வேதாரண்யம் பக்கத்துல இருக்குற ஒரு பெரியவர்கிட்ட வந்து சேந்துருக்கு. அவர் ரிட்டயர்டு ஆளு, தினமும் ஓட்ட மாட்டார், மாசத்துல சில நாள் தஞ்சாவூர், பட்டுக்கோட்டைன்னு ஒரு ரவுண்டு போயிட்டு வருவார், அவ்ளோதான்.

ஷாஃப்ட் டிரைவ் பாக்காதவங்களுக்காக சுருக்கமா. இன்ஜின்ல இருந்து வர்ற சுத்து ஒரு பெவல் கியர்ல திரும்பி, ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை) பிவட் கிட்ட, கோணம் மாறுனாலும் சுத்தைக் கடத்துற ஒரு கிராஸ் ஜாயின்ட் வழியா, ஸ்விங் ஆர்ம் குழாய்க்குள்ள ஓடுற ஷாஃப்ட்டுக்கு வருது. ஷாஃப்ட்டோட பின்முனைல ஸ்ப்லைன் (நீளவாக்குல வெட்டுன பல்லு), அதுல ஒரு ஸ்லீவ் (உள்பக்கம் அதே மாதிரி பல்லு வெட்டுன குழாய்), அந்த ஸ்லீவோட மறு பக்கம் பினியன்ங்கிற சின்ன கியர். பினியன் கிரவுன்ங்கிற பெரிய கியரை சுத்தும், கிரவுன் வீலை சுத்தும். இந்த ரெண்டு கியரும் இருக்குற ஃபைனல் டிரைவ் கேஸுக்குள்ள கியர் ஆயில் 200 மில்லி அளவுக்குத்தான் புடிக்கும். செயின் மாதிரி வாரா வாரம் எண்ணெய் போட வேண்டியதில்ல, அதனாலயே வருஷக்கணக்குல யாரும் எட்டிப் பாக்காம விட்டுடுறாங்க.

இன்னொரு சமாச்சாரம், 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல கரையேறுனப்ப இந்த வண்டி வீட்டு ஓரமா கொட்டகைல நின்னுருக்கு. கொட்டகை சாஞ்சு, பின் வீல் ஆக்ஸில் அளவுக்கு உப்புத் தண்ணி கலந்த வெள்ளம் நின்னு வடிஞ்சுருக்கு. அப்புறம் இன்ஜின் ஆயில் மாத்துனாங்க, கார்புரேட்டர் கழுவுனாங்க, பேட்டரி மாத்துனாங்க, வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஓடுச்சு. ஃபைனல் டிரைவ் ஆயில் ட்ரெயின் போல்ட்ட அப்போ யாருமே தொடல. இது எங்களுக்குக் கடைசிலதான் தெரிய வந்துச்சு, ஆனா வாசிக்கிறவங்க முதல்லயே தெரிஞ்சுக்கிறது நல்லது.

வண்டி நின்ன விதம்

2023 தை மாசம், சம்பா அறுப்பு நடந்துக்கிட்டு இருந்த நேரம். ஒரத்தநாடு தாண்டி வரும்போது ஒரு அறுப்பு மிஷினுக்கு வழி விட்டு ஸ்லோ பண்ணி, திரும்ப ஆக்ஸிலேட்டர் குடுத்துருக்கார், பின்னாடி "கரகர"ன்னு ஒரு சத்தம், இன்ஜின் மட்டும் ஏறுது வண்டி நகரல. எந்த கியர்லயும் அதே கதைதான்.

குட்டியானைல ஏத்தி பக்கத்துல ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருக்காங்க. அங்க கிளட்ச் போயிருச்சுன்னு சொல்லி பிளேட் செட்டு வரவழைச்சு மாத்தியிருக்காங்க. மாத்துன பிறகும் அதே நிலைமை. இதுல அந்த பட்டறைய குத்தம் சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, இன்ஜின் ஏறி வண்டி நகரலன்னா நம்ம ஊர்ல நூத்துக்கு தொண்ணூறு கிளட்ச்தான். ஆனா பிளேட்டுக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிருந்தா தெரிஞ்சுருக்கும்: இன்ஜினை ஆஃப் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, வண்டிய தள்ளிப் பாக்கணும். கிளட்ச் ஸ்லிப்புன்னா ஓரளவாவது இறுக்கம் இருக்கும், தள்ள கஷ்டமா இருக்கும். ஸ்ப்லைன் வழுக்குதுன்னா நியூட்ரல்ல தள்ளுற மாதிரி சும்மா உருளும், கூடவே ஸ்விங் ஆர்ம் பின்னாடி இருந்து அந்த கரகர கேக்கும். வண்டி தஞ்சாவூருக்கு எங்ககிட்ட வந்து சேந்த அன்னைக்கு எங்க மெக்கானிக் முதல்ல பண்ணுனது இதைத்தான், டூல் எதுவும் எடுக்கல.

பெரியவர்கிட்ட முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதான்னு கேட்டோம். "ஆமா தம்பி, ஒரு வருஷமாவே ஆக்ஸிலேட்டர் விட்டுப் புடிக்கிறப்ப பின்னாடி டொக்குன்னு ஒரு அடி அடிக்கும், பழைய வண்டில்ல, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்"னார்.

கழட்டிப் பாத்ததுல என்ன இருந்துச்சு

முதல்ல ட்ரெயின் போல்ட். ஆயிலே முதல்ல வரல, ஒரு கரண்டி அளவு தண்ணி வந்துச்சு, அப்புறம் பால் கலந்த டீ கலர்ல கெட்டியா ஒண்ணு இறங்குச்சு. போல்ட்டுல இருக்குற காந்தத்துல மெல்லிசா மாவு மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், கவலைப்பட வேண்டியதில்ல. இதுல விரல் நகத்துல நெருடுற அளவுக்கு செதில் இருந்துச்சு. செதில்னா பேரிங் இல்லன்னா கியர் பல்லு, ரெண்டுல ஒண்ணு உரியுதுன்னு அர்த்தம்.

வீலைக் கழட்டி, கேஸைப் புடிச்சுருக்குற நாலு நட்டு எடுத்து கேஸை பின்னாடி இழுத்தோம். ஸ்லீவுக்குள்ள இருந்து காவிப் பொடி கொட்டுச்சு, கிரீஸ் ஒரு துளி கூட இல்ல. அந்த காவிப் பொடி வெளில இருந்து வந்த துரு இல்ல, ரெண்டு இரும்பு காஞ்சு போயி நுணுக்கமா உரசிக்கிட்டே இருந்தா ரெண்டுலயும் இருந்து உதிர்ற இரும்புத்தூள் துருவாகி வர்றது. ஸ்லீவ் உள்ள இருந்த ஸ்ப்லைன் பல்லு முக்கால்வாசி நீளத்துக்கு கத்தி முனை மாதிரி மெலிஞ்சு, ஒரு பக்கமா சாஞ்சு, சில இடத்துல அடியோட போயிருந்துச்சு. ஷாஃப்ட் பக்கத்து ஸ்ப்லைனும் தேஞ்சுருந்தாலும், ஸ்லீவ் தொடாத முன்பகுதில ஏறக்குறைய 15 மி.மீ. நீளத்துக்கு புதுசு போல அப்படியே இருந்துச்சு. இந்த 15 மி.மீ.தான் பின்னால வழி காட்டுச்சு.

முன்னாடி கிராஸ் ஜாயின்ட்ட ரப்பர் பூட் விலக்கிப் பாத்தா பூட் கிழிஞ்சுருக்கு. ஷாஃப்ட்ட வெளில எடுத்து கைல புடிச்சு மெதுவா ஆட்டுனா நேரா நிக்கிற இடத்துல "தடக்"னு உக்காருது, அதைத் தாண்டுனா திரும்ப ஸ்மூத். ஊசி பேரிங் ரொம்ப நாளா ஒரே கோணத்துல அடி வாங்கி கிராஸ் மேல கோடு கோடா பள்ளம் விழுந்துருச்சுன்னா இப்படித்தான் இருக்கும்.

கேஸுக்குள்ள கிரவுன் பக்கத்து பெரிய பால் பேரிங் கைல சுத்துனா மணல் அரைக்கிற சத்தம். பந்து ஓடுற தடத்துல கருப்பு கருப்பா குழி. தண்ணி தேங்கி நின்ன மட்டத்துல மட்டும்தான் குழி, மேல்பாதில இல்ல. இதைப் பாத்ததும்தான் கஜா வெள்ளத்த பத்தி பேச்சு வந்துச்சு, பெரியவரும் தண்ணி எவ்வளவு உசரம் நின்னுச்சுன்னு சொவத்துல இருந்த கறைய நினைவு வச்சு சொன்னார், கணக்கு சரியா வந்துச்சு. கேஸ் மேல காத்து போக வர ஒரு சின்ன ப்ரீதர் இருக்கும், தண்ணி அது வரைக்கும் ஏறுனா அது வழியா உள்ள போகும், ஏறலன்னாலும் தேஞ்ச சீல் வழியா போகும். அதுக்கப்புறமும் ஓடி சூடான கேஸை மழைத் தண்ணில இறக்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கி தண்ணிய இழுத்துக்கும், டெல்டால ஐப்பசி கார்த்திகைல இது தப்பவே தப்பாது.

நல்ல சேதி ஒண்ணே ஒண்ணு. கிரவுன் பினியன் பல்லுல உரிசல் இல்ல, லேசா துரு கறை, நைலான் பேட் போட்டு தேச்சா போற அளவு. செதில் எல்லாம் பேரிங்ல இருந்து வந்ததுதான்.

என்னென்ன வழி இருந்துச்சு

பெரியவர் தெளிவா சொல்லிட்டார், "தம்பி, 25 ஆயிரத்துக்குள்ள முடியும்னா பண்ணுங்க, அதுக்கு மேலன்னா வேணாம், மூடி வச்சுடுறேன்". அந்த வரம்புக்குள்ளதான் எல்லாத்தையும் யோசிச்சோம்.

வெளிநாட்டுல இருந்து யூஸ்டு அசெம்பிளி வரவழைக்கிறது முதல் யோசனை. ஃபைனல் டிரைவ், ஷாஃப்ட் ரெண்டும் சேத்து, கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் போட்டா 50 ஆயிரத்தை தாண்டுது, வர்றதும் அதே வயசு பொருள், உள்ள எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. வரம்புக்கு ரெண்டு மடங்கு, அதனால அது அத்தோட நின்னுச்சு.

செயினுக்கு மாத்திடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, இது எப்பவும் வரும். இந்த இன்ஜின்ல வெளில வர்ற சுத்தே நீளவாக்குல வருது, ஸ்ப்ராக்கெட் மாட்ட அங்க எடமே கிடையாது, இன்ஜின் கேஸையே வெட்டணும். அது போக மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சில இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது.

மூணாவது, ஸ்லீவை ஷாஃப்ட்டோட சேத்து வெல்டு அடிச்சுடலாம்ங்கிறது. செலவே இல்லாத வழி, பக்கத்துல நின்னவங்க பாதிப்பேர் இதைத்தான் சொன்னாங்க. வேணாம்னதுக்குக் காரணம் ரெண்டு. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் அந்த ஸ்ப்லைன்ல கொஞ்சம் முன்ன பின்ன நகந்து குடுக்கணும், பூட்டிட்டா அந்தத் தள்ளு முழுக்க பினியன் பேரிங் மேல போகும். ரெண்டாவது, மேல் தோல் மட்டும் கடினப்படுத்துன இரும்பு அது, வெல்டு சூட்டுல ஓரத்துல விரிசல் வுடும், 70ல போறப்ப உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கிட்டா பின் வீல் லாக் ஆயிடும். காசு மிச்சம்ங்கிறதுக்காக அந்த ஆபத்தை எடுக்க யாருக்கும் மனசு வரல.

மிச்சம் இருந்தது எதெது ஸ்டாண்டர்டு அளவோ அதை கடைல வாங்குறது, எது கடைல இல்லையோ அதை செய்யிறது, எது நல்லா இருக்கோ அதைத் தொடாம விடுறது. பேரிங்கும் சீலும் பழையதுலயே நம்பர் பொறிச்சுருக்கு, திருச்சி பேரிங் கடைல கிடைச்சுருச்சு. கிராஸுக்கு கப்போட (முனைல ஊசி பேரிங் இருக்குற மூடி) வெளி விட்டம், ரெண்டு கப்பு சேத்து மொத்த நீளம், இந்த ரெண்டு அளவ வெர்னியர்ல எடுத்துக்கிட்டு போனா சின்ன லோடு வண்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வர்ற கிராஸ்ல பொருந்துறது ஒண்ணு இருந்துச்சு. கிரவுன் பினியன் அப்படியே. ரெண்டும் ஜோடியா உரசி சேத்து வச்சது, ஒண்ணை மட்டும் மாத்தக்கூடாது, பினியன் நட்டையும் அவிழ்க்கல. பினியன் பேரிங் நல்லா இருந்துச்சு, அதை எடுத்தா பினியன் ஆழம் மாறும், அதுக்கப்புறம் ஷிம் (கியர் இடைவெளி சரி பண்ண வைக்கிற மெல்லிய தகடு) கணக்கு நம்ம கைல நிக்காது. சில மாடல்ல அதோட பூட்டு இடது திரெட்டு, அது தெரியாம நீட்டு பைப்பு போட்டு இழுத்தா கேஸே போயிடும். செய்ய வேண்டியதுன்னு மிஞ்சுனது ஸ்லீவ் மட்டும்தான்.

கிராஸ் வேலை

மன்னார்குடில ஒரு லேத் பட்டறை, ரொட்டவேட்டர் பிடிஓ ஷாஃப்ட் (டிராக்டர் சுத்தை ரொட்டவேட்டருக்குக் கொண்டு போறது), பவர் டில்லர், அறுப்பு மிஷின்னு வருஷம் முழுக்க இதே வேலை. மாஸ்டர் ஷாஃப்ட்ட வாங்கி ஒரு பார்வை பாத்துட்டு, "இது ரொட்டவேட்டர் கிராஸ்தானேங்க, கொஞ்சம் சின்னது. கப்பை உள்ள அடிச்சு ஓரத்துல பஞ்ச் வச்சு விட்டா முடிஞ்சுது"ன்னார். கைத்திறமைல அவருக்கு ஈடு கிடையாது, ஆனா ரொட்டவேட்டர் ஷாஃப்ட் ஓடுறது நிமிஷத்துக்கு 540 சுத்து. இந்த வண்டில பின் வீல் சுத்தளவு ஏறக்குறைய 2 மீட்டர், வீல் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் மூணு சுத்துக்கு மேல, அப்போ 80 கி.மீ. வேகத்துல ஷாஃப்ட் 2000 சுத்து தாண்டும். வேகம் நாலு மடங்குக்கு கொஞ்சம் குறைவுன்னாலும் நடுமையம் தப்புனா வர்ற உதறல் விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 13 மடங்குக்கு மேல. ரொட்டவேட்டர்ல தெரியாத அரை மில்லி கோணல் இங்க கால் நடுங்க வைக்கும்.

இதை பேப்பர்ல எழுதிக் காட்டுனதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே சொன்னார், "அப்போ பஞ்ச் வேணாங்க, உள்ள காடி வெட்டி சர்க்ளிப் (காடில உக்காருற ஸ்பிரிங் வளையம்) போட்டுடுறேன், கிளிப் கனத்தை மாத்தி மாத்திப் போட்டு சென்டர் கொண்டு வந்துடலாம்". கம்பெனில வந்தது கப்பை ஓரத்துல அமுக்கி வச்ச டைப், மாத்துற மாதிரி செஞ்சதே இல்ல. அமுக்குன ஓரத்தை மெதுவா கிரைண்ட் பண்ணி, பழைய கிராஸை ப்ரெஸ்ல எடுத்து, கப்பு உக்காருற காதுல காடி வெட்டி, புது கிராஸை ஏத்தி, ஷாஃப்ட்ட வி-ப்ளாக்ல வச்சு டயல் கேஜ் போட்டு சுத்திப் பாத்து, வேற வேற கன சர்க்ளிப் மாத்தி 0.05 மி.மீ. அளவுக்கு கொண்டு வந்தார். அறுப்பு சீசன், வாசல்ல மிஷின்காரங்க வரிசைல நிக்கிறாங்க, அதுக்கு நடுவுல இவ்வளவு பொறுமையா பண்ணுனது பெரிய விஷயம்.

ஸ்லீவ்

திருச்சி துவாக்குடி பக்கம் 1960கள்ல இருந்து பிஎச்இஎல்-ஐ நம்பி வளந்த மெஷின் ஷாப்புங்க நிறைய, அந்த ஏரியால ஒரு ஒயர் கட் மெஷின் (மெல்லிய கம்பில மின்பொறி விட்டு இரும்பு வெட்டுறது) வச்சுருக்குறவர் பீஸ் வேலை எடுத்தார். அவர் முதல்ல கேட்டது "தேஞ்சத குடுக்காதீங்க, தேயாதத குடுங்க". ஷாஃப்ட்டுல தேயாம இருந்த அந்த 15 மி.மீ. பகுதிய புரொஃபைல் புரொஜெக்டர்ல (நிழலைப் பெருசாக்கி அளக்குற கருவி) வச்சு பல்லு வடிவத்த எடுத்து, பினியன் முனையோடயும் ஒத்துப் பாத்தாங்க. அதிர்ஷ்டம், ரெண்டு பக்கமும் ஒரே ஸ்ப்லைன், அதனால துளை வழியா ஒரே வெட்டு போதும்.

இரும்பு இஎன் 24ங்கிற அலாய் ஸ்டீல், டஃபன் பண்ணுன ராடு. முழுசா ஹார்டன் பண்ணலாமான்னு ஒரு விவாதம் ஓடுச்சு. வேணாம்னு முடிவு, ஸ்லீவ் ஷாஃப்ட்டை விட கொஞ்சம் மெத்துன்னு இருந்தா தேய்றது ஸ்லீவாத்தான் இருக்கும், ஸ்லீவை திரும்ப வெட்டிக்கலாம், ஷாஃப்ட் கிடைக்காது. நீளத்தையும் பழசை விட 12 மி.மீ. கூட்டுனோம், தேயாத பகுதியையும் சேத்து கவ்வட்டும்னு. குழாய்க்குள்ள முன்ன பின்ன நகர இடம் இருக்கான்னு களிமண் ஒட்டி அளந்து பாத்துட்டுத்தான் கூட்டுனது. ஒரு பீஸுக்கும் ரெண்டு பீஸுக்கும் கூலில பெரிய வித்தியாசம் இல்ல, அதனால ரெண்டு செஞ்சோம்.

பேரிங் மாத்துனது, ஷிம்

அலுமினிய கேஸ்ல இருந்து பேரிங்கை சுத்தி வச்சு அடிச்சு எடுத்தா உக்காருற குழி பெருசாயிடும், அப்புறம் புது பேரிங் அதுல சுத்த ஆரம்பிச்சுடும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், 100 மி.மீ. விட்டம் உள்ள குழில 70 டிகிரி சூடு ஏத்துனா இரும்பை விட 0.08 மி.மீ. அளவுக்கு கூடுதலா விரிஞ்சு குடுக்கும், அது போதும். ஓவன் இல்ல. மெக்கானிக் வீட்டுல நெல்லு அவிக்கிற அண்டா இருந்துச்சு, வெறும் கேஸை, பழைய பேரிங்கோட, கொதிக்கிற தண்ணில போட்டு விட்டு, கோணிச் சாக்கு சுத்தி எடுத்து மரக்கட்டை மேல கவுத்து ஒரு தட்டு. பேரிங் தானா "டங்"குனு விழுந்துச்சு. மாட்டுறப்ப தண்ணி வேணாம்னு ஹீட் கன் வச்சுக்கிட்டோம், புது பேரிங் ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல.

இதுலதான் எல்லாரும் விட்டுடுற ஒரு விஷயம். நம்பர் ஒண்ணுதான், அதனால பழைய ஷிம்மையே போட்டு மூடிடலாம்னு தோணும். ஆனா சாதாரண கிளாஸ் பேரிங்கு அகலத்துல குறைவா வர அனுமதி உண்டு, 50 லேர்ந்து 80 மி.மீ. உள் விட்டத்துக்கு 0.15 மி.மீ. வரைக்கும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல இருக்க வேண்டிய பேக்லாஷ் (பல்லுக்குப் பல்லு விடுற சின்ன இடைவெளி) இந்த மாதிரி வண்டிகளுக்கு 0.1 லேர்ந்து 0.2 மி.மீ.தான். அதாவது பேரிங் அகல வித்தியாசமே மொத்த அளவையும் சாப்பிட்டுடும். மைக்ரோமீட்டர்ல ரெண்டையும் அளந்தா புதுசு 0.08 குறைவு. கழட்டுறதுக்கு முன்னாடி பேக்லாஷ் 0.18 இருந்துச்சு, புது பேரிங் போட்டு பாத்தா 0.24. புரூசியன் ப்ளூ தடவி சுத்திப் பாத்தா பல்லு படுற தடம் நடுவுல இருந்து வெளி ஓரத்துக்கு நகந்துருச்சு. 0.10 ஷிம் ஷீட் வாங்கி வட்டமா வெட்டி போட்டதும் பேக்லாஷ் 0.17, தடம் நடுவுக்கு வந்துருச்சு. அந்த ஷிம் ஷீட்டு விலை ஒரு சாப்பாட்டு காசு கூட இல்ல.

சீல் மாத்துறப்ப அதோட லிப் (ரப்பர் விளிம்பு) உரசுற இடத்துல விரல் வச்சா பள்ளம் தெரிஞ்சுது. அதே இடத்துல புது சீலை உக்கார வச்சா ஒரே மாசத்துல ஒழுகும், அதனால 1.5 மி.மீ. உள்ள தள்ளி அழுத்துனோம், லிப் தேயாத இடத்துல ஓடட்டும்னு. ஸ்ப்லைனுக்கு சாதாரண கிரீஸ் போடல, அது சுத்துல வெளில தெறிச்சுடும். மோலிப்டினம் அதிகமா உள்ள மோலி பேஸ்ட், பிரஷ்ல தேச்சு ஒவ்வொரு பல்லுக்கும். ஆயில் 80டபிள்யூ-90 ஜிஎல்-5. ப்ரீதர்ல ஒரு ரப்பர் ட்யூப் மாட்டி சீட்டுக்கு அடில வரைக்கும் ஏத்தி விட்டாச்சு.

செலவு

பேரிங், சீல் 3,900. கிராஸ் 450. ஸ்லீவ் ரெண்டும் ராடு, கடைசல், ஒயர் கட் எல்லாம் சேத்து 6,400. கிராஸ் மாத்துன கூலி 1,200. ஆயில், மோலி பேஸ்ட், ஷிம் 1,350. கழட்டி மாட்டுன கூலி 4,500. மொத்தம் 17,800 ரூபாய். முன்னாடி தேவையில்லாம மாத்துன கிளட்ச் பிளேட் இதுல சேரல, பெரியவர் அதைச் சேத்து கணக்கு போட்டு ஒரு பெருமூச்சு விட்டார், அது தனி.

பிறகு நடந்தது

முதல் 100 கி.மீ. மெதுவா ஓட்டி ஆயிலை இறக்கிப் பாத்தோம், காந்தத்துல மெல்லிசா மாவு, செதில் இல்ல. டொக் அடி சுத்தமா போயிருச்சு. ஆக்ஸிலேட்டர் விடுறப்ப ஊளைச் சத்தமும் இல்ல.

85 தாண்டுனா ஃபுட் ரெஸ்ட்ல ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கு. 0.05 கோணல்னு லேத் பட்டறைல அளந்தது போக காது காடி வெட்டுனதுல எடை கொஞ்சம் ஒரு பக்கம் சாஞ்சுருக்கும்னு நினைக்கிறோம். ஷாஃப்ட்ட பேலன்ஸ் பண்ண திரும்ப கழட்டணும், பெரியவர் "நான் எங்கப்பா 85ல போறேன், கெடக்கட்டும்"னுட்டார். சரிதான்னு விட்டாச்சு.

2023 மழை முடிஞ்சு அடுத்த தைல ட்ரெயின் போல்ட் திறந்தப்ப ஆயில் தெளிவா இருந்துச்சு, தண்ணி இல்ல. அப்போ வரைக்கும் ஓடுனது 4,000 கி.மீ. கிட்ட. 2024ல பின் டயர் மாத்துறப்ப வீல் எப்படியும் கழட்டணும்ல, அந்தச் சாக்குல கேஸையும் இழுத்து ஸ்லீவைப் பாத்தோம். பேஸ்ட் கருப்பா அப்படியே ஒட்டியிருக்கு, காவிப் பொடி இல்ல, பல்லுல பளபளப்பு மட்டும். வீல் பக்க சீல்ல ஓரத்துல லேசா ஈரம் இருந்துச்சு, ஒழுகல, துடைச்சு விட்டோம்.

இனி இது மாதிரி வந்தா

வண்டிய ஏத்தி அனுப்புறதுக்கு முன்னாடியே ஃபோன்ல அந்த தள்ளிப் பாக்குற சோதனைய சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவோம், கிளட்ச் பிளேட் காசு மிச்சம் ஆகும். வெள்ளத்துல நின்ன ஷாஃப்ட் டிரைவ் வண்டின்னா இன்ஜின் ஆயிலோட ஃபைனல் டிரைவ் ஆயிலும் அன்னைக்கே மாறணும், 200 மில்லி ஆயில் விலைதான். கஜாவுல அதைப் பண்ணிருந்தா பேரிங் தப்பிச்சுருக்கும். ஸ்ப்லைன் தப்பிச்சுருக்காது, அது காஞ்சு போனது அதுக்கும் பல வருஷம் முன்னாடியே.

கிராஸ் வேலைல மாற்றம் வேணும். காது காடி வெட்டுனதும் ஷாஃப்ட்ட லேத் பட்டறையோட விடாம, திருச்சில புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸிங் பண்ணுற இடத்துக்கு அனுப்பி, எடை சரி பண்ணிட்டுத்தான் உள்ள மாட்டுவோம். 1,000 ரூபாய் கூடுதலா ஆகும், அந்த நடுக்கம் இருந்துருக்காது. சீல் தடத்துல 1.5 மி.மீ. தள்ளுன உத்தியும் ஒரு தடவைதான் செல்லும், அடுத்த தடவை அந்த இடத்துல மெல்லிய ஸ்லீவ் வளையம் ஏத்தியாகணும், அதுக்கான அளவ இப்பவே எழுதி வச்சுட்டோம்.

ரெண்டாவது ஸ்லீவ் பெரியவர் வீட்டுல எண்ணெய்த் துணில சுத்தி இருக்கு. ஒயர் கட்காரர் அந்த ஸ்ப்லைன் ட்ராயிங்கை தன் கம்ப்யூட்டர்ல சேத்து வச்சுருக்கார், நாங்களும் ஒரு பிரிண்ட் வாங்கி ஃபைல்ல போட்டாச்சு.